பத்து வருசமா இருக்கிறன்

மொன்றியலில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரை முதன்முதலாகச் சந்தித்தால் மூன்று கேள்விகள் வரும். ஊரில எவடம்? இங்க எந்தப் பக்கம்? எவ்வளவு காலமா இருக்கிறியள்? முதல் இரண்டுக்கும் ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் போதும். மூன்றாவதில்தான் இலக்கணம் வருகிறது.

தமிழில் "பத்து வருசமா இருக்கிறன்" என்கிறோம். 'இருக்கிறன்' வெறும் நிகழ்காலம். பிரெஞ்சிலும் அப்படித்தான்: "ஜாபித் இசி டெப்புயி டிஸ் ஆன்." 'ஜாபித்' என்றால் வசிக்கிறேன், அவ்வளவுதான். எப்போது தொடங்கியது என்ற சுமையை 'டெப்புயி' தூக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு இது போதாது. "ஐ லிவ் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்" என்றால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுவார். "ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்" என்று வினைச்சொல்லையே நீட்ட வேண்டும். பிரசென்ட் பெர்ஃபெக்ட் கொன்டினியூவஸ் என்று பாடப்புத்தகம் அழைக்கும் காலம் இது. பெயரே ஒரு வசனம் அளவு நீளம் என்பதால் இனி 'ஹாவ் பீன்' என்றே சொல்கிறேன்.

ஐரோப்பாவில் இருக்கும் உங்கள் மச்சான், மச்சாளிடம் கேட்டுப்பாருங்கள். ஜேர்மனியில் வளர்ந்தவர்கள் 'சைட்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு வினையை நிகழ்காலத்திலேயே விடுவார்கள். நோர்வேயில் வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தைப்போல 'ஹார்' போட்டு முடிந்த நிலைக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் 'இங்' போன்ற வால் அங்கே இல்லை. முடிந்ததையும் தொடர்வதையும் ஒரே வினையில் கட்டிவைக்கிற ஆங்கிலம்தான் இந்தக் கூட்டத்தில் தனி ஆள். ஆகவே இந்தக் காலம் உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் அது உங்கள் மூளையின் குறை அல்ல. வீட்டுமொழியும் பள்ளிக்கூட மொழியும் சேர்ந்து ஒரு பக்கம் இழுக்க, ஆங்கிலம் தனியே மறுபக்கம் இழுக்கிறது.

எங்களுடைய பள்ளிக்கூட மொழி ஏன் பிரெஞ்சு என்பதற்கும் ஒரு திகதி உண்டு. 1977 ஓகஸ்ட் 26 அன்று கியூபெக் சட்டமன்றம் 'பில் 101' என்று எல்லோரும் சொல்லும் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை நிறைவேற்றியது. அதன்படி, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியும் இடைநிலைப் பள்ளியும் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். தாயோ தகப்பனோ இங்கே ஆங்கிலத்தில் ஆரம்பக்கல்வி பெற்றிருந்தால் விலக்குக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் படித்தது கணக்கில் வராது. ஸ்காபரோவில் வளர்ந்த எங்கள் உறவுகள் இரண்டு மொழியோடு நிற்க, கோட் டே நெய்ஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பிள்ளைகள் மூன்று மொழிக்குள் விழுந்தது இதனால்தான். மொன்றியல் தமிழரின் மொழிவாழ்க்கையை மானிடவியலாளர் சோனியா தாஸ் ஆராய்ந்து 2016இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆங்கிலம், பிரெஞ்சு இழுபறிக்கு நடுவில் எங்கள் வீட்டுத் தமிழ் எப்படி நின்றது என்பதுதான் அதன் விசயம்.

என் அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனார். அந்தக் காலத்தில் அந்தத் தெரு முழுக்கத் தையல் மெசின் சத்தம். எத்தனை வருசமாகத் தைக்கிறாய் என்று மேற்பார்வைப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். "ஐ ஆம் சோயிங் ஃபிஃப்டீன் இயர்ஸ்" என்றார் அம்மா. அந்தப் பெண்மணி பிரெஞ்சுக்காரி. "மீ, ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ட்வெண்டி இயர்ஸ்" என்று பதிலுக்குத் தன் கதையைச் சொன்னாராம். இரண்டு பேரும் ஆங்கில இலக்கணத்தை மீறினார்கள், இரண்டு பேருக்கும் முழுதாக விளங்கியது, வேலையும் கிடைத்தது. இரவு வகுப்பு ஆங்கில ஆசிரியர் மட்டும் பிறகு அம்மாவின் கொப்பியில் அதே வசனத்தை வெட்டினார்.

அந்த இரண்டு வசனங்களிலும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது, கவனித்தீர்களா? பெண்மணி 'சின்ஸ்' போட்டார். பிரெஞ்சில் 'டெப்புயி' ஒன்றே இரண்டு வேலையும் செய்யும்: பத்து வருசத்துக்கும் டெப்புயி, 2015க்கும் டெப்புயி. ஆங்கிலம் அவற்றைப் பிரிக்கிறது. கால அளவுக்கு 'ஃபோர்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. தமிழும் அப்படியே பிரிக்கிறது: 'பத்து வருசமா', '2015இல இருந்து'. 'பத்து வருசத்தில இருந்து இருக்கிறன்' என்று அம்மம்மா சொல்லமாட்டார். பள்ளிக்கூடத்தில் 'ஃபோரா, சின்ஸா' என்று முழிக்கும்போது வசனத்தைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப்பாருங்கள். 'ஆ' வந்தால் ஃபோர். 'இல இருந்து' வந்தால் சின்ஸ். என் தங்கச்சியின் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, தமிழ் வகுப்பால் கிடைத்த முதல் லாபம் இது என்றாள். சனிக்கிழமைக் காலைகளுக்கு அவ்வளவுதானா விலை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

இந்த 'ஹாவ் பீன்' ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது? பழையதுதான், ஆனால் நீண்டகாலம் அரிதாகவே இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் சோசர் எழுதிய கான்ரபரிக் கதைகளில், வீரனின் கதை என்ற பகுதியில், போரில் கணவரை இழந்த பெண்கள் ஒரு கோவிலில் இரண்டு கிழமையாகக் காத்திருந்துவிட்டு அரசனிடம் முறையிடுகிறார்கள். காத்திருக்கிறோம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் பாவிப்பது இந்த வடிவத்தைத்தான். அந்தப் பெண்களுக்குக் கேள்வி, எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்பது மட்டுமில்லை. இன்னும் காத்திருக்கிறோம் என்பதும் அரசன் காதில் விழவேண்டும். அவர்களுடைய ஆட்களின் உடல்களை அடக்கம் செய்ய விடவில்லை என்பதே முறைப்பாடு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வேறு அம்மாக்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

'இங்' வடிவங்கள் பெருகியது பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில். அதில் இளம் ஆட்களின் கை நிறைய. 'இஸ் பீயிங் பில்ட்', அதாவது கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, என்பதை இன்று எந்த ஆசிரியரும் பிழை என்று சொல்லமாட்டார். ஆனால் அந்த வடிவம் அகப்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1795இல் கவிஞர் ரொபட் சதே எழுதிய ஒரு கடிதம். நாவிதன் ஒருவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது பற்றிய பகிடி அது. அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்னால் படித்தவர்கள் 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். புதிய வடிவம் பெரியவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. 1870இல் கூட அமெரிக்காவில் ரிச்சர்ட் கிராண்ட் வைட் தன் புத்தகத்தில் அதைப் போட்டு வாட்டி எடுத்தார். முக்கால் நூற்றாண்டாக மக்கள் பேசிக்கொண்டிருந்த ஒன்றை! இன்று அவர் திட்டியது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் நகரத்திலும் இதே சண்டைதான். டெட் ஓபீஸ் என்ற மொன்றியல் ராப் குழு பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடியதற்காகப் பத்திரிகைகளில் வாங்கிக்கட்டியது. 2016இல் வந்த அவர்களின் அல்பத்தில் பிரெஞ்சு 70 வீதத்துக்குக் குறைவு என்பதால் கிடைத்த உதவித்தொகையும் கைவிட்டுப் போனது. சொற்களை எண்ணி வீதம் போட்ட ஆட்கள் எப்படி எண்ணினார்கள் என்று ஒரு கணினிக்காரனாக எனக்கு உண்மையில் அறிய ஆசை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கணம் இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது, கட்டளையாக. அமெரிக்க மிசன் 1816இல் வந்து இறங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூர் தலைமையில் செமினரி தொடங்கியது. ஊர்ப் பெடியள் ஆங்கிலத்தில் கணிதமும் வானியலும் படித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கில இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் தமிழ் இலக்கணத்தைக் கரையான் வாயிலிருந்து எடுத்தார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. எங்கள் தாத்தாமார் ஆங்கிலக் காலங்களைப் பாட்டுமாதிரி ஒப்புவித்த பழக்கத்தின் வேரும் இந்த மிசன் பள்ளிகளில்தான் இருக்கிறது.

தமிழும் சும்மா இருக்கவில்லை. நன்னூல் நிகழ்காலத்துக்கு மூன்று இடைநிலைகள் சொல்கிறது: ஆநின்று, கிறு, கின்று. பின் இரண்டும் இன்றும் எங்களோடு இருக்கின்றன. முதலாவது பழைய உரைகளில்தான் கிடைக்கும். 'செய்யாநின்றான்' என்று வரும். நீங்கள் வாசித்தால் 'செய்யாமல் நின்றான்' என்றுதான் நினைப்பீர்கள், பொருளோ நேர்மாறு: செய்கிறான். உள்ளே இருப்பது 'நில்' என்ற வினை. ஸ்பானிய மொழியில் தொடர்வதைச் சொல்லும் 'எஸ்தார்' என்ற வினையும் நிற்றல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. உலகின் இரண்டு மூலையில் இருந்த மக்கள், முடியாத வேலையைச் சொல்ல 'நில்'லைப் பிடித்திருக்கிறார்கள். பிறகு தமிழ் 'கொண்டு இரு' என்ற சேர்க்கைக்கு மாறியது. யாழ்ப்பாணத்தில் 'படிச்சுக்கொண்டிருக்கிறன்', தமிழ்நாட்டில் 'படிச்சிட்டிருக்கேன்'. இரண்டும் 'இப்போது நடக்கிறது' என்பதை மட்டும் சொல்லும். எப்போது தொடங்கியது என்று சொல்ல 'காலமையில இருந்து' என்று தனியாகச் சேர்க்கவேண்டும். ஆங்கிலத்தில் 'ஹாவ்' என்ற சொல் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது: பின்னால் எங்கோ தொடங்கியது, கயிறு இன்னும் என் கையில்.

அந்தக் கயிறு சிலவேளை ஒரு தடயம் மட்டும்தான். கண் சிவந்திருக்கும் சிநேகிதியைப் பார்த்து, "ஹாவ் யூ பீன் கிரையிங்?" என்று கேட்பீர்கள். அழுகை நின்றுவிட்டது, ஆனால் கண் சொல்கிறது. தமிழில் இதற்கு "அழுதனியே?" என்று இறந்தகாலம்தான் வரும். வகுப்பில் இந்த இரண்டாவது பயன்பாட்டை அவசரமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கென்றால் இதுதான் இந்தக் காலத்தின் அழகான பக்கம்.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். பதில் போடாமல் காணாமற்போவதைக் 'கோஸ்ரிங்' என்கிறீர்கள். "ஐ ஹாவ் பீன் கோஸ்டட்", "ஐ ஹாவ் பீன் கோஸ்ரிங்": ஒரு வால்தான் வித்தியாசம். முதலாவதில் நீங்கள் ஏமாந்தவர், அது செயப்பாட்டுவினை. இரண்டாவதில் நீங்கள்தான் மற்றவரை அலையவிடுகிறவர், அதுவும் இன்னும் நிறுத்தவில்லை. வட்சப்பில் இரண்டையும் மாற்றி எழுதினால் ஒரு நட்பே போய்விடும். இரவு இரண்டு மணிவரை கெட்ட செய்திகளைத் தள்ளித்தள்ளிப் பார்ப்பது 'டூம்ஸ்க்ரோலிங்'. "ஐ ஹாவ் பீன் டூம்ஸ்க்ரோலிங் சின்ஸ் மிட்நைட்" என்பது குற்றமில்லாத வசனம். தூக்கத்துக்குத்தான் குற்றம்.

'லவ்', 'நோ' போன்ற வினைகளுக்கு 'இங்' போடக்கூடாது என்று புத்தகம் சொல்லும். மக்டொனால்ட்ஸ் 2003இல் மியூனிக்கில் தொடங்கிய 'ஐ ஆம் லவின் இற்' விளம்பரம் அந்த விதியை உலகம் முழுக்க மீறியது. அதற்கு வெகு முன்பே, 1965இல், ஓடிஸ் ரெடிங் பாடிய ஒரு பாட்டின் தலைப்பே 'ஐவ் பீன் லவிங் யூ ரூ லோங்'. ஹாவ், பீன், இங் மூன்றும் சேர்ந்து 'லவ்'வின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. காதலை ஒரு நிலையாக இல்லாமல், இத்தனை காலமாக இழுத்துக்கொண்டுவந்த ஒரு செயலாகக் காட்ட அவருக்கு விதியை மீறத்தான் வேண்டியிருந்தது.

ரெடிங் ஒரு கறுப்பினப் பாடகர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 'வீ பீன் நியூ' என்று நீங்கள் கொமென்ட் போடுவதைப் பார்க்கிறேன். 'ஹாவ்' இல்லை, 'பீன்' மட்டும் அழுத்தமாக. அது இணையத்தில் முளைத்த பகிடி இல்லை, ஆபிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தின் பழைய, ஒழுங்கான இலக்கணம். அழுத்திச் சொல்லும் 'பீன்' என்றால், வெகுகாலத்துக்கு முன்பே தொடங்கி இன்னும் அப்படியே இருக்கிறது என்று பொருள். ஜோன் ரிக்ஃபோர்ட் என்ற மொழியியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில் 'ஷீ பீன் மாரிட்' என்று அழுத்திச் சொல்லி, அவள் இப்போதும் மணமானவளா என்று கேட்டார். கறுப்பின மக்களில் பெரும்பாலானோர் ஆம் என்றார்கள். வெள்ளையரில் பெரும்பாலானோர் அப்படி எடுக்கவில்லை. ஒரே வசனம், எதிரெதிர் விளக்கம். யாருடைய இலக்கணத்தைக் கடன் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது நல்லது. எங்கள் பேச்சைப் 'பிழை' என்று யாரும் சிரித்தால் எங்களுக்கு நோகும்தானே.

என் வேலையில் இந்தக் காலம் தினமும் காலை ஒன்பதே காலுக்கு வரும். குழு வட்டமாக நின்று, அவரவர் என்ன செய்கிறோம் என்று ஒரு நிமிடம் சொல்வோம். 'ஐ ஹாவ் ஃபிக்ஸ்ட் த லொகின்' என்றால் வேலை முடிந்தது, சோதிக்கிற ஆள் எடுக்கலாம். 'ஐ ஹாவ் பீன் ஃபிக்சிங் த லொகின்' என்றால் இன்னும் என் மேசையில். பிரெஞ்சு சக ஊழியர் ஒருவர் 'ஐ ஆம் ஃபிக்சிங் இற் சின்ஸ் மன்டே' என்பார். மொன்றியல்காரர் எங்களுக்கு விளங்கும். அமெரிக்க வாடிக்கையாளர் அழைப்பில் இருந்தால் ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனம் ஆளின் திறமைக்கு விழுந்த மார்க் இல்லை, ஆனால் சிலவேளை அப்படித்தான் எண்ணப்படுகிறது. நேர்முகப் பரீட்சைக்கு முன் இந்த ஒரு காலத்தையாவது வாய்க்குப் பழக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எங்கள் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய நேர்முகம் இருந்தது. 1985 ஏப்ரல் 4 அன்று, சிங் வழக்கில், கனடா உச்சநீதிமன்றம் அகதிக் கோரிக்கையாளரை நேரில் கேட்டே முடிவெடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். 1989இல் குடிவரவு அகதிகள் சபை வேலை தொடங்கியது. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர். அங்கே கேட்கப்படும் கேள்வி, நடந்தது என்ன என்பதோடு நிற்காது. திரும்பிப் போனால் இனி ஆபத்தா என்பதே சட்டத்தின் அளவுகோல். "வீட்டை வந்து என்னை விசாரிச்சவை" என்பது 'தே லுக்ட் ஃபோர் மீ'. அது முடிந்த கதை. "விசாரிச்சுக்கொண்டிருக்கினம்" என்பது 'தே ஹாவ் பீன் லுக்கிங் ஃபோர் மீ'. அது முடியாத கதை. பேசுகிறவர் தமிழில் சரியாகத்தான் சொல்லியிருப்பார். களைத்துப்போன ஒரு மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிட்டால், பயம் பழைய பயமாகிவிடும்.

சோசரின் பெண்களை ஞாபகம் இருக்கிறதா? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களும் உறவினரும் உட்கார்ந்தார்கள். நாலு நாளில் வவுனியாவிலும் தெருவோரம் ஒரு கொட்டில் எழுந்தது. பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. பதில் கிடைக்காமலே சில அம்மாக்கள் இறந்தும் போனார்கள், மற்றவர்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். ஒவ்வொரு பெப்ரவரியும் உங்களில் சிலர் அவர்களின் படத்தைப் பகிர்ந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் 'மதேர்ஸ் சேர்ச்ட் ஃபோர் தெயர் சில்ட்ரன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அப்படி எழுதினால் தேடினார்கள், விட்டார்கள் என்று ஆகிறது. 'ஹாவ் பீன் சேர்ச்சிங்' என்று எழுதுங்கள். பின்னால் வருசக்கணக்கைப் போட்டால் 'ஃபோர்', 2017 பெப்ரவரி 20 என்று திகதியைப் போட்டால் 'சின்ஸ்'.